வேலை நாளைக் குறைத்தால் சம்பளம் குறையாதா?



சில தோட்டங்களில் நிர்வாகம் தலைவர்மாரை ஆபிசுக்கு அழைத்து ஒரு யோசனையைச் சொல்லியிருக்கிறது. தேயிலை விலை இறங்கிவிட்டதாம், செலவு கூடிவிட்டதாம். ஆகையால் கொஞ்ச காலத்துக்கு வாரத்தில் நான்கு நாள் மட்டுமே வேலையாம். மிச்ச நாட்களில் விரும்பியவர்கள் கிலோ கணக்கில் கொழுந்து எடுத்துக் கைக்காசு வாங்கிக்கொள்ளலாமாம். "நாட்சம்பளத்தில் ஒரு சதமும் குறைக்கவில்லை" என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

அது உண்மைதான். நாட்சம்பளத்தை அவர்களால் குறைக்க முடியாது. சம்பளச் சபை தீர்மானித்து வர்த்தமானியில் வந்த தொகைக்குக் கீழே கொடுப்பது சட்ட விரோதம். தொழிலாளியே சம்மதித்தாலும் அது செல்லாது. அதனால்தான் இப்போது நாளில் கை வைக்கிறார்கள்.

கணக்கைப் பார்ப்போம். 2024இல் தீர்ந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் மாதம் 25 பேர் போட்டால் 33,750 ரூபா. வாரம் நான்கு நாள் என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய 17 பேர்தான் விழும். அதற்கு 22,950 ரூபா. ஒரு ஆளுக்கு 10,800 ரூபா போய்விடுகிறது. கணவனும் மனைவியும் மலைக்குப் போகும் வீட்டில் 21,600 ரூபா. அரிசி, மா, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு, கடைக் கடன் ஆகிய எதுவும் நான்கு நாள் கணக்குக்குக் குறையப் போவதில்லை.

கண்ணுக்குத் தெரியாத வெட்டு இன்னும் இருக்கிறது. சேமலாப நிதிக்குத் தோட்டம் போடவேண்டிய பங்கு சம்பளத்தில் 12 வீதம். 25 பேருக்கு அது 4,050 ரூபா. 17 பேருக்கு 2,754 ரூபா. நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குப் போடும் 3 வீதமும் அப்படியே குறையும். கைக்காசுக்குச் சேமலாப நிதி போடும் வழக்கம் இல்லை என்பது நீங்கள் அறிந்தது. ஆக, இன்று கைக்குக் கொஞ்சம் காசு வந்தாலும் வயதான காலத்துக்கான பணத்திலிருந்துதான் அது கழிகிறது.

பெண் தொழிலாளர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிரசவச் சகாயத்துக்கு, அதற்கு முந்திய ஒரு வருடத்தில் 150 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்பது சட்டம். நான்கு நாள் வேலை நாளைக்கு மூன்று நாளானால் வருடம் முழுவதும் ஒரு நாளும் தவறாமல் போனாலும் 156 பேர்தான். காய்ச்சலில் மூன்று வாரம் படுத்தால் அதுவும் கேள்விக்குறியாகிவிடும்.

இந்த வித்தை புதியதல்ல. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனபோது என்ன நடந்தது? பல தோட்டங்களில் கொழுந்தின் அளவைக் கூட்டினார்கள். 20 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், இல்லாவிட்டால் அரைப்பேர் என்றார்கள். வேலை நாளையும் குறைத்தார்கள். சம்பளம் கூடியது என்று பேப்பரில் வாசித்தோம். பே சீட்டில் அது தெரியவில்லை. 2024இல் 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை வாங்கின. பிறகுதான் 1,350 என்று தீர்ந்தது.

அதற்கு முந்திய கதையும் உண்டு. தோட்டத் தொழிலாளருக்குச் சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் முதலில் 1929இல் நடைமுறைக்கு வந்தது. மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். சில வருடங்களுக்குள் உலகப் பொருளாதார மந்தம் வந்து தேயிலை விலை விழுந்ததும், அந்தச் சம்பளத்தையே வெட்டினார்கள். அந்த நாட்களில் ஹற்றனைத் தளமாகக் கொண்டு சங்கம் கட்டியவர் கோ. நடேசய்யர். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளர் மத்தியில் பாட்டுப் பாடியே பிரசாரம் செய்தார். விலை விழுந்தால் முதலில் தொழிலாளியின் கஞ்சியில் கை வைப்பது அன்றிலிருந்து வரும் பழக்கம்.

தோட்டத்துக்குக் கஷ்டமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. கொழும்பு ஏலத்தில் விலை ஏறும், இறங்கும். வெயில் காலத்தில் கொழுந்து குறையும். ஆனால் வயதான செடியைப் பிடுங்கி மறுநடுகை செய்யாதது யார்? மலையைக் காடாக விட்டது யார்? 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்து விளைச்சலை விழுத்தியது யார்? இவற்றில் எதையும் கொழுந்து பறிக்கும் கை செய்யவில்லை. விலை ஏறிய காலத்தில் நம்மைக் கூப்பிட்டு இலாபத்தில் பங்கு தராதவர்கள், விலை இறங்கும்போது மட்டும் நட்டத்தில் பங்கு கேட்கிறார்கள்.

ஆகவே நிர்வாகத்திடம் நாம் கேட்பது இதுதான். கஷ்டம் உண்மையென்றால் கணக்கைக் காட்டுங்கள்: தோட்டத்தின் விளைச்சல், ஏலத்தில் கிடைத்த விலை, மேல்மட்டச் செலவு எல்லாவற்றையும். வெட்டு வேண்டுமென்றால் அந்த மேல்மட்டச் செலவிலிருந்து தொடங்குங்கள். கொழுந்து இல்லாத நாளில் புல் வெட்டு, கான் வெட்டு, கவ்வாத்து, மறுநடுகை என்று மலையில் வேலை கிடக்கிறது, அதைக் கொடுங்கள். கொழுந்தின் அளவைக் கூட்ட வேண்டாம். எந்த மாற்றமானாலும் சங்கத்தோடு பேசி, எத்தனை மாதத்துக்கு என்று திகதி போட்டு எழுத்தில் தாருங்கள். "கொஞ்ச காலம்" என்பது திகதி அல்ல.

தொழிலாளர்களிடம் நாம் கேட்பவையும் உண்டு.

முதலாவது, தனியாக எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைக்காதீர்கள். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒரு தொழிலாளியின் வேலையைத் தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ நிறுத்துவதற்கு, அவருடைய முன்கூட்டிய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். உங்கள் கையெழுத்துக்கு இருக்கும் பெறுமதி இதுதான். மொழி விளங்காத கடதாசியில் கைநாட்டு வைத்துவிட்டால், பிறகு நமக்காகப் பேசும் சங்கத்தின் வாயை அந்தக் கடதாசியே அடைத்துவிடும். கடதாசியை வாங்கித் தலைவரிடம் கொடுங்கள்.

இரண்டாவது, பேரை எழுதி வையுங்கள். ஒரு கொப்பியில் திகதி, மலை, கிலோ, முழுப்பேரா அரைப்பேரா என்று அன்றன்றைக்கே எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிய நாளையும் குறித்து வையுங்கள். பெரட்டுக்குப் போகாமல் வீட்டில் இருந்தால் அந்த நாள் செக்ரோலில் "வரவில்லை" என்று விழும். பிறகு "ஆட்கள் வேலைக்கு வருவதில்லை" என்ற குற்றச்சாட்டுக்கு அதுவே சாட்சியாகும்.

மூன்றாவது, மலையைத் துண்டு போட்டுக் குடும்பத்துக்குத் தருகிறோம், கொழுந்தை நீங்களே விற்கலாம் என்று சொல்லும் இடங்களில் அவசரப்படாதீர்கள். காணி உங்கள் பேரில் எழுதப்படுகிறதா, உரத்துக்கும் மருந்துக்கும் யார் காசு, விலையை யார் தீர்மானிப்பது என்று கேளுங்கள். முக்கியமாக, செக்ரோலில் உங்கள் பேர் தொடர்ந்து இருக்குமா என்று கேளுங்கள். பேர் போனால் சேமலாப நிதி, பிரசவச் சகாயம், ஒவ்வொரு வருடச் சேவைக்கும் 14 நாள் சம்பளம் என்று கிடைக்கும் பணிக்கொடை எல்லாம் ஆபத்தில் விழும்.

நான்காவது, வீட்டுக் கணக்கு. நாள் குறைந்துவிடும் என்ற பயத்தில் நகையை அடகு வைக்கவோ, வாசலுக்கு வரும் நுண்கடன் கம்பனியிடம் வாரக் கடன் எடுக்கவோ ஓடாதீர்கள். வாரச் சம்பளம் இல்லாத வீட்டுக்கு வாரத் தவணை கழுத்தில் சுருக்கு. கடைக்காரரிடமும் சங்கத்திடமும் முதலில் பேசுங்கள். வேலை இல்லாத நாளில் வெளியில் மரக்கறித் தோட்ட வேலைக்குப் போகிறவர்களை நாம் குறை சொல்லமாட்டோம். வயிறு காத்திருக்காது. ஆனால் தோட்டம் வேலை தந்த நாளில் தவறாமல் பேர் போடுங்கள்.

கடைசியாக, எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டினாலும் இந்த விடயத்தில் ஒரே பேச்சாக நிற்போம். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் 1984இல் கிடைத்தது தோட்டங்கள் ஒன்றாக வேலையை நிறுத்திய பின்னர்தான். ஒரு தோட்டம் நான்கு நாளுக்குத் தலையாட்டினால், அடுத்த தோட்டத்துத் துரை அதையே உதாரணமாகக் காட்டுவார்.

உங்கள் தோட்டத்தில் இந்த யோசனை வந்திருந்தால், தோட்டக் கமிட்டியை இந்த வாரமே கூட்டுங்கள். மாதர் பிரிவையும் அழையுங்கள். கொழுந்து மலையில் நிற்பவர்கள் அவர்கள்தான். கடந்த மூன்று மாதப் பே சீட்டுகளோடு பிரதேசக் காரியாலயத்துக்கு வாருங்கள். அவற்றை வைத்துக்கொண்டு தொழில் திணைக்களத்தில் நிர்வாகத்தோடு நேருக்கு நேர் பேசுவோம்.