உடுமலையின் ஆறு பேர்

இரத்த தான முகாம் முடிந்ததும் எண்ணிக்கையைச் சொல்வது நம் ஊர்ப்பக்க வழக்கம். தலைவரின் பிறந்தநாளோ, நடிகரின் பிறந்தநாளோ, ஏதேனும் சங்கத்தின் ஆண்டுவிழாவோ, இத்தனை யூனிட் என்று மறுநாள் செய்தி வந்துவிடும். அந்த எண்ணை நாங்கள் இகழவில்லை. பிரசவ வார்டும் விபத்துச் சிகிச்சையும் அதை நம்பித்தான் இயங்குகின்றன. ஆனால் அரிய வகை இரத்தம் உடையவர் விஷயத்தில் இந்த எண்ணிக்கை மோகம் நேர் எதிராக வேலை செய்கிறது என்பது எங்கள் கருத்து. அவர் முகாம்தோறும் கொடுக்கக் கூடாது. அழைக்கும்போது கொடுக்க வேண்டும்.

அரிய வகை என்றதும் பலர் நெகட்டிவ் வகைகளை நினைக்கிறார்கள். அவை குறைவுதான், தேடினால் கிடைக்கும். நாங்கள் சொல்வது பம்பாய் வகையை. 1952-இல் ஒய்.எம். பெண்டேயும் அவருடைய குழுவினரும் பம்பாயில் கண்ட இந்த வகையை 'லான்செட்' இதழில் அறிவித்தார்கள். ஏ, பி என்னும் அடையாளப் பொருள்கள் எச் என்ற அடித்தளத்தின் மேல் எழுபவை. ஓ வகையினரிடம் அடித்தளம் மட்டும் இருக்கும். பம்பாய் வகையினரிடம் அந்த அடித்தளமே இல்லை. ஆகவே எல்லோருக்கும் பொது என்று நாம் போற்றும் ஓ இரத்தமே அவர்களுக்கு நஞ்சு. இன்னொரு பம்பாய் வகையினரின் இரத்தம் ஒன்றுதான் பொருந்தும்.

இதில் கொடுமை, வழக்கமான கண்ணாடித் தகட்டுச் சோதனையில் இவர்களும் ஓ என்றே தெரிவார்கள் என்பது. அணுக்களைச் சோதிப்பதோடு நிறுத்தாமல், இரத்த நீரை ஓ அணுக்களோடு கலந்து பார்த்தால்தான் அது திரண்டு உண்மை வெளிப்படும். வாழ்நாள் முழுதும் ஓ என்று அட்டையில் எழுதி வைத்திருப்பவர் அறுவை மேசைக்கு அருகில்தான் தம் வகையை அறிகிறார் என்றால் காரணம் இதுவே.

இந்தியாவில் சுமார் பத்தாயிரம் பேரில் ஒருவர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஐரோப்பாவில் பத்து லட்சத்தில் ஒருவர். 2011 கணக்கெடுப்பில் உடுமலைப்பேட்டை நகராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ 61 ஆயிரம். நாட்டுச் சராசரியை ஓர் ஊருக்கு அப்படியே பொருத்துவது சரியன்று. எனினும் ஒரு கணக்குக்காகப் பொருத்திப் பார்த்தால் ஆறு பேர். திருப்பூர் மாவட்டம் முழுதும் இருநூற்றைம்பது பேர் போல. இந்த ஆறு பேரில் எத்தனை பேருக்குத் தாம் யார் என்று தெரியும்?

இது பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்து சேர வேண்டிய மரபுக்கூறு. மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டி வைக்கும் நம் வழக்கத்தில் அது சந்திக்க வாய்ப்பு அதிகம். இன்னொரு விபரீதமும் உண்டு. ஓ என்று எழுதப்பட்ட தாய்க்கும் ஓ என்று எழுதப்பட்ட தந்தைக்கும் பி வகைக் குழந்தை பிறக்கலாம். பம்பாய் வகையினர் ஏ, பி மரபைத் தம்முள் மறைத்து வைத்திருக்கக் கூடும். பள்ளிக்கூட உயிரியல் பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணைச் சந்தேகிக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போகட்டும்.

இனி, முகாமில் கொடுத்தால் என்ன? முதல் முறை கொடுப்பதில் பிழையில்லை. முறையாகச் சோதித்தால் ஒருவர் இன்னவர் என்று தெரியவருவதே அங்கேதான். அதன் பிறகுதான் சிக்கல். பை குளிரில் 35 நாள், சேர்மக் கரைசல் கலந்த சிவப்பணுவானால் 42 நாள் இருக்கும். அதற்குள் தேவைப்படுபவர் வராவிட்டால் காலாவதி. அல்லது ஓ இரத்தத்தோடு ஓ இரத்தமாகச் சாதாரண நோயாளிக்கே போய்விடும். கொடுத்தவரோ, ஆணானால் 90 நாளும் பெண்ணானால் 120 நாளும் மறுபடி கொடுக்க முடியாது. அந்த இடைவெளியில் கோவையிலிருந்தோ மதுரையிலிருந்தோ அழைப்பு வந்தால் அவர் கையை விரிக்க வேண்டியதுதான். உறைய வைத்துப் பத்தாண்டு காக்கும் வசதி சில மையங்களில்தான் உண்டு. அத்தகைய மையம் கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம். மற்றபடி அவர் உடம்பைவிட நல்ல கிடங்கு கிடையாது.

2025-இல் கர்நாடகத்தின் கோலாரைச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் கிரிப் என்ற புதிய இரத்த அடையாளம் அறிவிக்கப்பட்டது. அவரும் ஓ பாசிட்டிவ் என்றே கருதப்பட்டவர். உறவினர் இருபது பேரைச் சோதித்தும் ஒருவரும் பொருந்தவில்லை. இரத்தம் ஏற்றாமலே அவருக்கு இருதய அறுவை நடந்தது. அவர் அளவுக்குத் தனிமை பம்பாய் வகையினருக்கு இல்லை. பெற்றோர் இருவரும் அந்தக் கூற்றைச் சுமப்பவர்களாயின், உடன்பிறந்தார் ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒன்று என்ற வாய்ப்பு உண்டு. ஒருவர் தெரிந்தால் அண்ணன் தங்கை அனைவரையும் சோதித்துவிட வேண்டும். மும்பையில் உள்ள தேசிய நோய்த்தடுப்பு இரத்தவியல் நிறுவனம் அரிய வகைக் கொடையாளர்களுக்குப் பதிவேடு உருவாக்கியிருக்கிறது. அத்தகைய பதிவேட்டில் பெயர் ஏறுவது, முகாமில் வாங்கும் பத்துச் சான்றிதழ்களைவிட மேலானது.

நம் வட்டாரத்துக்கென்று ஒரு கேள்வி எஞ்சுகிறது. மத்திய அரசு ஊழியருக்கு இரத்தம் கொடுப்பதற்கென ஆண்டில் நான்கு முறை சிறப்பு விடுப்பு உண்டு. 2017-இன் ஆணை அது. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைப்பவருக்கும் பஞ்சாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவருக்கும் அது பொருந்தாது. வாரச் சம்பளக்காரர் ஒருவருக்கு மதியம் மூன்று மணிக்கு அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கோவை எழுபது கிலோமீட்டர். போய்க் கொடுத்துவிட்டு வந்தால் அன்றைய கூலி போயிற்று, மறுநாளும் போகலாம். பேருந்துச் செலவு தனி. முகாமுக்குப் பந்தலும் பழச்சாறும் ஏற்பாடு செய்யும் முதலாளிகள், தம் பட்டியலில் உள்ள அந்த ஒருவருக்குச் சம்பளத்தோடு இரண்டு நாளும் ஒரு வாடகைக் காரும் தருவதாக எழுதிக் கொடுப்பார்களா?