இறக்கச் சொல்லும் உரிமை இல்லாமல் கையெழுத்து இல்லை
ஒலிபெருக்கிக் கோபுரங்கள் குறித்து ஜெகதாப்பட்டினம் வட்டார ஒலி-ஒளி அமைப்பாளர்களின் நிலைப்பாடு

ஒலிபெருக்கிக் கோபுரம் சாய்ந்த இரவைப் பற்றியும், மறுநாள் பஞ்சாயத்தில் யார் யார் என்ன பேசினார்கள் என்பதைப் பற்றியும் நம் சங்க உறுப்பினர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விழாக் கமிட்டிகள் இப்போது நீட்டும் பொறுப்புக் கடிதத்தில் செட்காரர்களாகிய நாம் கையெழுத்துப் போடலாமா என்பதே நம் முன் உள்ள கேள்வி. செயற்குழுவில் இரு கருத்துகள் இருந்தன. பெரும்பான்மையோர் ஏற்ற முடிவுகள் கீழே.

1. பொறுப்பு. நாம் கட்டும் பெட்டிக்கும், நாம் நிறுத்தும் கோபுரத்துக்கும் நாமே பொறுப்பு. இதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நாம் கட்டிவிட்டு வந்த பிறகு நம்மைக் கேட்காமல் அதில் ஏற்றப்படும் எதற்கும் பொறுப்பேற்க இயலாது.

எதைச் சொல்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஃப்ளெக்ஸ். நான்கு டாப் பெட்டிகளை ஏற்றி, நாலு பக்கமும் இழுகயிறு கட்டி முடித்துச் சாப்பிடப் போகிறோம். திரும்பி வந்தால் கோபுரத்தின் நெஞ்சில் பத்துக்கு எட்டடியில் ஒரு பேனர் சிரிக்கிறது. காற்று புக ஒரு ஓட்டைகூட இல்லை. கடலோரத்தில் இப்படிச் செய்வது கோபுரத்துக்குப் பாய் கட்டிவிடுவதுதான். பாயில் காற்று பிடித்தால் என்ன ஆகும் என்பதை இந்த ஊருக்கு நாங்கள் சொல்லித் தர வேண்டுமா?

கணக்கும் இருக்கிறது. காற்றின் வேகத்தை நொடிக்கு மீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 0.6 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரில் விழும் அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 சொல்லும் கணக்கு இது. மணிக்கு 60 கி.மீ. காற்றில் அந்த ஒரு பேனர் வாங்கும் தள்ளு சுமார் 125 கிலோ எடைக்குச் சமம். அதுவும் பதினைந்தடி உயரத்தில். வேகம் இரட்டித்தால் தள்ளு நான்கு மடங்காகும். எங்கள் இழுகயிறு பெட்டிக்காகக் கட்டியது, தலைவர்களின் படத்துக்காக அல்ல.

2011 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலக் கண்காட்சியில் புயல்காற்றில் மேடைக் கூரை சரிந்து 7 பேர் இறந்தார்கள். இழுகயிறுகளைப் பிடித்திருந்த கான்கிரீட் தடுப்புகள் அந்தத் தள்ளுக்குப் போதவில்லை என்று விசாரணை சொன்னது. நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதில் தெளிவு இல்லை என்றும் சொன்னது. நம் ஊரிலும் அதே நிலைதான். காற்று ஏறும்போது “பெட்டியை இறக்குகிறோம்” என்று செட்காரர் சொன்னால், “கச்சேரி முடியட்டும் தம்பி” என்கிறார்கள். சாய்ந்தால் மட்டும் கையெழுத்தைத் தேடுகிறார்கள்.

எனவே, இறக்கவும் நிறுத்தவும் செட்காரருக்கு உரிமை உண்டு, அதற்காக வாடகை பிடிக்கப்படாது என்ற வரி கடிதத்தில் இருந்தால் கையெழுத்திடுவோம். இல்லாவிட்டால் இல்லை.

2. கட்டுமானம். இதில் நம் பக்கமும் சரிசெய்ய வேண்டியவை உண்டு. விசைப்படகில் கழித்துப் போட்ட கயிற்றால் பெட்டி கட்டுவதை உடனே நிறுத்த வேண்டும். வெயிலும் உப்பும் தின்ற கயிறு வெளியே முழுசாகத் தெரியும். விரலால் நிமிண்டினால் பொடி உதிரும். துருவேறிய ஷேக்கிளும் வளைத்துச் செய்த கொக்கியும் கூடாது. இரண்டு பட்டையில் தொங்கும் பெட்டிக்குப் பட்டைகள் படுக்கைமட்டத்திலிருந்து 30 பாகையில் விரிந்தால், ஒவ்வொரு பட்டையும் முழு எடையைத் தாங்க வேண்டியிருக்கும். 60 பாகைக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளவும். தொங்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக ஒரு காப்புச் சங்கிலி வேண்டும். தென்னையில் கட்டுவதை இயன்றவரை தவிர்க்கலாம் என்பது பொதுக் கருத்து. முழுத் தடை பற்றி அடுத்த கூட்டத்தில் பேசலாம்.

3. மின்கம்பி. மின்கம்பத்தில் பெட்டியோ கயிறோ கட்டக் கூடாது. மேலே கம்பி ஓடும் இடத்தில் கோபுரம் ஏற்றக் கூடாது. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சை களிமேட்டில் தேர் உயர்மின்னழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்த பிறகு இதில் விவாதம் எதற்கு?

4. திருப்பும் திசை. பெட்டி பின்வரிசையின் தலையைப் பார்த்துக் குனிந்து நிற்க வேண்டும். நேராக நிறுத்தினால் பாதிச் சத்தம் கூட்டத்தைத் தாண்டி ஊருக்குள் போகிறது. உடனே “கேட்கலை, இன்னும் ஏத்து” என்பார்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும் என்பதால், பத்தடியில் காது கிழிவது எண்பதடியில் 18 டெசிபல் குறைந்துதான் சேரும். பின்னால் உள்ளவருக்கு இடையில் ஒரு சிறு ஜோடி வைப்பதே வழி. சாய்ப்பதற்கு முழு நீள ஆப்போ தாங்கியோ வைக்கவும். பின்னால் அரைச்செங்கல் சொருகினால் பேஸ் அதிர்வில் அது நகர்ந்து வெளியே வந்துவிடும். பெட்டியும் கூடவே வரும்.

“அடுத்த ஊருக்குக் கேட்கணும்” என்பவர்களுக்கு: 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி பொது இடத்தின் எல்லையில் 75 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது, குடியிருப்புப் பகுதியில் வரம்பு அதைவிடக் குறைவு. மீறினால் பறிமுதலாவது நம் ஆம்ப்ளிஃபயர்தான், அவர்கள் வீட்டு டிவி அல்ல.



இறக்கவும் நிறுத்தவும் உரிமை தரும் வரி இல்லாத கடிதத்தில் கையெழுத்திட்டு வேலை எடுக்கும் உறுப்பினருக்குச் சங்கம் ஆளும் கொடுக்காது, சாமானும் கொடுக்காது. இந்த வாக்கியத்தைச் சற்று மென்மையாக்க வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். செயற்குழு மறுத்துவிட்டது.