தெளிப்பதற்கு முன் எண்ணிப் பாருங்கள்

மாணவர்களே, செடியில் ஒரு புழுவைக் கண்டதும் உங்களுக்கு என்ன தோன்றும்? "உடனே மருந்தடிக்க வேண்டும்" என்றுதான் பலரும் சொல்வார்கள். அந்தப் பதில் பல நேரங்களில் தவறானது என்பது என் கருத்து. முதலில் எண்ண வேண்டும், பிறகுதான் முடிவெடுக்க வேண்டும். இந்தப் பாடத்தை உலகுக்குக் கற்றுத் தந்த பயிர்களுள் ஒன்று குதிரைமசால்.

அல்ஃபால்ஃபா என்றும் அழைக்கப்படும் இது அவரை இனத்தைச் சேர்ந்த தீவனப் பயிர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கறவை மாடுகளுக்காகப் பரந்த வயல்களில் வளர்க்கிறார்கள். 1954இல் அந்த வயல்களுக்குள் ஒரு புதிய வகை அசுவினி நுழைந்து செடிகளின் சாற்றை உறிஞ்சத் தொடங்கியது. விவசாயிகள் கடுமையான பூச்சிக்கொல்லிகளைத் தெளித்தார்கள். அசுவினிகளோடு, அவற்றைத் தின்னும் பொறிவண்டுகளும் சேர்ந்து மடிந்தன. சில ஆண்டுகளிலேயே அந்த மருந்துக்குச் சாகாத அசுவினிகள் பெருகின. காவல்காரனும் இல்லை, ஆயுதமும் பயன்படவில்லை என்ற நிலை வந்தது.

அப்போதுதான் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெர்னான் ஸ்டெர்ன், ரே ஸ்மித், ராபர்ட் வான் டென் பாஷ், கென்னத் ஹேகன் ஆகிய நால்வரும் 1959இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வயலில் பூச்சி இருப்பது வேறு, பூச்சியால் நட்டம் வருவது வேறு என்பது அவர்கள் வாதம். எண்ணிக்கை ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தொட்டால் மட்டுமே மருந்து தேவை. அதுவும் நன்மை செய்யும் பூச்சிகளை அதிகம் கொல்லாத மருந்தாக இருக்க வேண்டும். இன்று உலகெங்கும் பேசப்படும் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மைக்கு இந்தக் கட்டுரை ஓர் அடித்தளம்.

சரி, எப்படி எண்ணுவது? அங்கே கோடைக்காலத்தில் இலைகளைத் தின்னும் பச்சைப் புழு ஒன்று உண்டு. வயலை 4 பகுதிகளாகப் பிரித்து, 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள கைவலையால் ஒவ்வொரு பகுதியிலும் 5 முறை செடிகளின் மேல் வீசுவார்கள். வலையில் விழுந்த புழுக்களை எண்ணி, ஒரு வீச்சுக்குச் சராசரி எவ்வளவு என்று பார்ப்பார்கள். 10 நலமான புழுக்கள் அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் நடவடிக்கை.

"நலமான" என்ற சொல்லைக் கவனியுங்கள். புழுவின் தலையைக் கிள்ளிவிட்டு, வால் பக்கத்திலிருந்து மெல்லப் பிதுக்கிப் பார்ப்பார்கள். உள்ளிருந்து ஒரு குட்டிக் குளவிப் புழு வெளிவந்தால், அந்தப் பச்சைப் புழு எப்படியும் சாகப்போகிறது என்று பொருள். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 20 வீச்சில் 240 புழுக்கள் சிக்கின என்று வைத்துக்கொள்வோம். சராசரி 12. ஆனால் பாதிப் புழுக்களுக்குள் குளவி இருந்தால் கணக்கு 6 ஆகிவிடும். மருந்து தேவையில்லை. அவசரப்பட்டுத் தெளித்திருந்தால், நமக்காகக் கூலியில்லாமல் உழைத்த குளவிகளையே அழித்திருப்போம்.

"எண்ணிக்கொண்டிருந்தால் பயிர் போய்விடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் ஒருமுறை எண்ணிவிட்டு ஓய்ந்துவிடக்கூடாது, வயலுக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். வரம்பைத் தாண்டிவிட்டாலும் மருந்து ஒன்றே வழியல்ல. அறுவடை நெருங்கியிருந்தால் பயிரைச் சற்று முன்னதாகவே அறுத்துவிடலாம். உணவும் நிழலும் இழந்த புழுக்களில் பெரும்பாலானவை மடிந்துவிடும்.

இது அமெரிக்கக் கதை மட்டுமல்ல. 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் நம் செம்பனைத் தோட்டங்களில், பை போன்ற கூட்டுக்குள் வாழும் புழுக்கள் மட்டைகளை மொட்டையடித்தன. எல்லாப் பூச்சிகளையும் கொல்லும் மருந்துகளைத் தெளித்ததால், அப்புழுக்களின் இயற்கை எதிரிகள் அழிந்ததே இதற்கு முக்கியக் காரணம் என்று தெரிந்தது. அந்தத் தெளிப்பை நிறுத்தியதும் எதிரிகள் திரும்பி வந்தன, புழுக்களும் குறைந்தன.

ஒன்றை மறக்க வேண்டாம். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இந்தப் பொறுமை பொருந்தாது. உயிருக்கே ஆபத்து என்னும்போது வரம்பும் மாறிவிடும். பயிர் நட்டம் என்பது வேறு கணக்கு.

அடுத்த முறை பள்ளித் தோட்டத்தில் புழுவைக் கண்டால் மருந்துப் புட்டியைத் தேடாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு 10 செடிகளைப் பாருங்கள். எத்தனை புழு, எத்தனை பொறிவண்டு, எத்தனை சிலந்தி என்று எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து மீண்டும் எண்ணுங்கள். மருந்து வேண்டுமா, வேண்டாமா என்பதை அந்த இரண்டு பக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.