பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது



போன புதன்கிழமை காலை எதிர்வீட்டுக்குக் குழந்தை பார்க்கப் போயிருந்தேன். தலைப்பிரசவத்துக்குத் தென்காசிப் பக்கம் தாய் வீடு போயிருந்த மருமகள், ஐந்தாம் மாதம் நல்ல நாள் பார்த்துப் பிள்ளையோடு வந்திருக்கிறாள். குழந்தை கொழுகொழுவென்று இருந்தான். மடியில் வாங்கிக்கொண்டு, "ஊசியெல்லாம் சரியாப் போட்டாச்சாம்மா?" என்று கேட்டேன்.

"ஓ, மூணு ஊசியும் போட்டாச்சு பெரியம்மா. ரெண்டு தொடையிலயும், ஒரு கையிலயும். அன்னிக்கு ராத்திரி பூரா ஒரே அழுகை!"

"மூணும் ஒரே நாள்லயா?"

"ஆமாம், 45 நாள் ஊசின்னு சொன்னாங்க."

"அப்புறம் 75-ஆம் நாள், 105-ஆம் நாள்?"

அந்தப் பெண் மாமியாரைப் பார்த்தாள். மாமியார், "சம்பந்தியம்மா எல்லாம் போட்டுத்தான் அனுப்பியிருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றார். ஊருக்குப் போன் போட்டுக் கேட்டால், அந்த அம்மாள், "புருஷன் வீட்டுக்குத்தானே போறா, பட்டணத்துல நல்ல டாக்டரா பார்த்துப் போட்டுக்குவாங்கன்னு இருந்துட்டேன்" என்கிறார். ஊசி அட்டையோ அங்கே பீரோவில் புடவைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது!

யாரையும் குறை சொல்வதற்கில்லை. இரண்டு பாட்டிமாருக்கும் பேரன்மேல் உயிர். ஆனாலும் நம் வழக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. பிரசவம் தாய் வீட்டில் நடக்கும். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீடு வருவோம். குழந்தைக்கு மிக முக்கியமான ஊசிகள் விழுவதும் சரியாக அந்த மாதங்களில்தான். அவர்கள் போட்டிருப்பார்கள் என்று இவர்களும், இவர்கள் போடுவார்கள் என்று அவர்களும் இருக்க, நடுவில் தேதி நழுவிவிடுகிறது.

அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகப் போடும் ஊசிகளின் கணக்கைச் சொல்கிறேன். ஒரு தாளில் எழுதி அடுப்படிக் கதவில் ஒட்டி வையுங்கள்.

பிறந்தவுடன்: காசநோய்க்கு பி.சி.ஜி., மஞ்சள் காமாலை வகைகளில் ஒன்றான ஹெப்படைட்டிஸ் பி-க்கு ஊசி (இதை 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும்), போலியோ சொட்டு மருந்து.

ஆறு வாரம், அதாவது 45-ஆம் நாள்: ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி, நிமோனியாவுக்கு எதிரான ஊசி, போலியோ ஊசி, இவற்றோடு போலியோ சொட்டும், ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்குக்கான சொட்டும்.

பத்து வாரம், அதாவது 75-ஆம் நாள்: பென்டாவேலன்ட் இரண்டாம் தவணை, இரண்டு சொட்டு மருந்துகள்.

பதினான்கு வாரம், அதாவது 105-ஆம் நாள்: பென்டாவேலன்ட் மூன்றாம் தவணை, நிமோனியா ஊசியும் போலியோ ஊசியும் இரண்டாம் முறை, சொட்டு மருந்துகள்.

ஒன்பது மாதம் முடிந்ததும்: தட்டம்மை-ரூபெல்லா ஊசி, நிமோனியா ஊசி, போலியோ ஊசி, வைட்டமின் ஏ திரவம். சில மாவட்டங்களில் மூளைக்காய்ச்சல் ஊசியும் உண்டு.

பதினாறு முதல் இருபத்து நான்கு மாதத்துக்குள்: தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணை, முத்தடுப்பு ஊசி, போலியோ சொட்டு. ஐந்து வயது முடிந்ததும் முத்தடுப்பு ஊசி மறுபடியும் ஒரு முறை.

"ஒரே மருந்தை எதற்கு மூன்று தடவை?" என்று கேட்பீர்கள். பென்டாவேலன்ட் தடுக்கிற ஐந்து நோய்கள் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, ஹெப்படைட்டிஸ் பி, நிமோனியாவும் மூளை உறைக் காய்ச்சலும் உண்டாக்கும் ஹிப் கிருமி. முதல் ஊசி குழந்தையின் உடம்புக்கு இந்தப் பகைவர்களை அறிமுகம் செய்து வைக்கிறது, அவ்வளவுதான். அடுத்தடுத்த ஊசிகளில்தான் எதிர்ப்புச் சக்தி ஊறி நிலைக்கிறது.

தட்டம்மை ஊசியை ஒன்பதாம் மாதம் வரை தள்ளுவதற்கும் காரணம் உண்டு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குழந்தையின் ரத்தத்தில் சில மாதம் இருக்கும். அது இருக்கும்போது போட்டால் மருந்து சரியாகப் பிடிக்காது. ஒன்பதாம் மாதத்தில் போட்டாலும் நூற்றுக்குச் சுமார் 85 குழந்தைகளுக்குத்தான் பிடிக்கிறது. மீதிப் பேருக்காகத்தான் இரண்டாம் தவணை.

தேதி தவறினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. என் இரண்டாவது பையன் 1981-இல் பிறந்தான். முதல் முத்தடுப்பு ஊசி போட்ட அன்று ராத்திரி காய்ச்சல் அனலாய் அடித்தது. என் மாமியார், "பச்ச மண்ணு உடம்ப ஏன் இப்படிக் குத்திப் புண்ணாக்கறீங்க? அடுத்த ஊசி மெதுவாப் போட்டுக்கலாம்" என்றார். எனக்கும் மனசு கேட்கவில்லை, விட்டுவிட்டேன். ஏழாம் மாதம் பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பையனிடமிருந்து கக்குவான் தொற்றிக்கொண்டது. இருமத் தொடங்கினால் நிற்காது. மூச்சு திரும்பாமல் உதடு நீலம் பாரிக்கும். குடித்த பால் அத்தனையும் வெளியே வந்துவிடும். ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்தோம். இருமல் முழுதும் விட மூன்று மாதம் ஆயிற்று. "இரண்டாவது ஊசி ஏன் போடலை?" என்று டாக்டர் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. மாமியார் மூலையில் உட்கார்ந்து அழுதார். என் மூன்றாவது குழந்தைக்கு ஊசி நாள் வந்தால் அட்டையை எடுத்துக்கொண்டு வாசலில் முதலில் நின்றவர் அவர்தான்.

இப்போது அந்த நோயெல்லாம் எங்கே இருக்கிறது என்பவர்களும் உண்டு. நம் நாட்டில் பெரியம்மை 1975-இலும், இளம்பிள்ளை வாதம் 2011 ஜனவரியிலும் கடைசியாகக் கண்டவை. இரண்டையும் விரட்டியது தடுப்பு மருந்துதான். தட்டம்மை போய்விடவில்லை. 2022 கடைசியில் மும்பையில் அது பரவிக் குழந்தைகள் உயிரிழந்தார்கள். நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் ஊசி போடாத பிள்ளைகள்.

இனி, அடிக்கடி கேட்கும் சந்தேகங்கள்.

சளி, லேசான காய்ச்சல் இருந்தால் போடலாமா? போடலாம். மெலிந்த குழந்தைக்கும் போடலாம். கடும் காய்ச்சல் இருந்தாலோ, முந்தைய ஊசிக்குப் பின் வலிப்போ கடுமையான ஒவ்வாமையோ வந்திருந்தாலோ முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஊசி போட்டபின்? அரை மணி நேரம் அங்கேயே இருந்து விட்டுக் கிளம்புங்கள். ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் வீக்கமும் வரலாம். செவிலியர் சொன்ன அளவில் பாரசிட்டமால் கொடுங்கள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுங்கள். குத்திய இடத்தைத் தேய்க்கவோ, மஞ்சள், காபித்தூள் என்று எதையாவது அப்பவோ வேண்டாம்.

பி.சி.ஜி. போட்ட இடம் புண்ணாகிறதே? சில வாரங்களில் சிறு கொப்புளம் எழுந்து உடைந்து தழும்பாகும். அது மருந்து வேலை செய்வதன் அடையாளம். களிம்பு தடவாதீர்கள்.

தேதி தவறிவிட்டதே? முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தவணைகளுக்கு இடையே குறைந்தது நான்கு வாரம் இருந்தால் போதும். ஆனால் சில மருந்துகளுக்கு வயது வரம்பு உண்டு. ஆகவே தெரிந்தவுடன் போய்விடுங்கள்.

ஊர் மாறினால்? தாய் வீட்டிலிருந்து கிளம்பும்போது காப்பு, கொலுசு, பால் சங்கு இவற்றோடு ஊசி அட்டையும் பைக்குள் இருக்கட்டும். மறக்காமல் செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அட்டை எந்த ஊர்ச் சுகாதார நிலையத்திலும் செல்லும்.

எதிர்வீட்டுக் கதையை முடித்துவிடுகிறேன். ஊரிலிருந்து அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். தமிழ்நாட்டில் புதன்கிழமைதான் தடுப்பூசி நாள் அல்லவா? அன்றே பதினோரு மணிக்குள் ஆட்டோ பிடித்து மூவருமாகப் போனோம். செவிலியர் படத்தைப் பார்த்தார். திட்டவில்லை. இரண்டாம் தவணையைப் போட்டு, அடுத்த தேதியைப் புது அட்டையில் எழுதிக் கொடுத்தார். குழந்தை வீல் என்று கத்தினான். பாட்டி தோளில் போட்டுக்கொண்டதும் அடங்கிவிட்டான்.

திரும்பும்போது மாமியார் சொன்னார்: "பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதுன்னு சும்மாவா சொன்னாங்க!"

இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் உங்கள் வீட்டு அட்டையை எடுத்துப் பாருங்கள். அடுத்த தேதி எது?