கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவாராம்!

துறையூர்ப் பக்கம் ஒரு டிரைவரை உச்சியில் தூக்கி வைக்க வேண்டுமானால், "கண்ணைக் கட்டிவிட்டாலும் பச்சைமலைக்கு ஓட்டிவிடுவார்" என்போம். அதையாவது விட்டுவிடலாம். சக்கரத்துக்கடியில் ரோடு இருக்கிறது, வளைவையும் மேட்டையும் சீட்டே சொல்லிவிடும். அதே புகழ்ச்சியை விமானிக்கும் சூட்டுகிறோமே, அதுதான் ஆளைக் கொல்லும் நம்பிக்கை. பழகிய கைக்கு இருட்டு ஒரு பொருட்டில்லையாம். இரவில் ஒரு சிறு விமானம் விழுந்தால் எஞ்சின் கெட்டிருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் ஓட்டியவன் கற்றுக்குட்டியாம்.

உடம்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை உட்காதிலுள்ள திரவத்தின் அசைவு சொல்கிறது. விமானம் மெல்லச் சாய்ந்து திரும்பிக்கொண்டே இருந்தால், அரை நிமிடத்துக்குள் அந்தத் திரவமும் கூடவே சுற்றப் பழகிவிடும். 'நேராகத்தான் போகிறோம்' என்று உடம்பு சாதிக்கும். பகலில் தொடுவானம் அந்தப் பொய்யைக் காட்டிக்கொடுக்கும். நிலவில்லாத இரவில் தொடுவானம் ஏது? சாய்வை நிமிர்த்தினால் எதிர்ப்பக்கம் கவிழ்வது போலிருக்கும். விமானி மறுபடி பழைய பக்கமே சாய்ப்பார். விமானம் சுழன்றுகொண்டே இறங்கும், எஞ்சின் கடைசி நொடிவரை ஒழுங்காக ஓடும்.

1954-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளைப் பார்த்து ஓட்டிப் பழகாத 20 பேரை வெளிப்பார்வையை மறைத்துப் பறக்கவிட்டார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரி 178 நொடி. ஒரு கிளாஸ் டீயைக் குடித்து முடிக்க அதைவிட நேரமாகும்.

1999 ஜூலை 16 இரவு, ஜான் எஃப். கென்னடியின் மகன் தன் பைப்பர் விமானத்தோடு கடலில் விழுந்தது இப்படித்தான். அவர் அனுபவம் குறைந்தவர் என்பீர்கள். சரி, 1978 புத்தாண்டு இரவுக்கு வாருங்கள். பம்பாயில் கிளம்பிய ஏர் இந்தியா ஜம்போவின் கேப்டன் சுமார் 18,000 மணி நேரம் பறந்தவர். அவர் முன்னிருந்த சாய்வுகாட்டி பழுதாகித் தவறாகக் காட்டியது என்றது இந்திய விசாரணை. அதை நம்பி அவர் இடப்பக்கம் கவிழ்த்துக்கொண்டே போனார். வெளியே கடலும் வானும் ஒரே கறுப்பு. 18,000 மணி நேரம் பழகிய உடம்பு "தப்பு" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. 213 பேரும் இறந்தார்கள்.

நம் திருச்சியிலேயே, 2018 அக்டோபர் 12 பின்னிரவில், 136 பேரோடு துபாய்க்குக் கிளம்பியது ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். ஓடுபாதையில் வேகமெடுக்கையில் கேப்டனின் சீட் பின்னால் சரிந்தது, அவர் கையோடு எஞ்சின் விசையும் இறங்கியது. விமானிகள் இருவருமே கவனிக்கவில்லை. சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டு எழும்பிய விமானம், பிறகு திருப்பப்பட்டு மும்பையில் இறங்கியது. யாருக்கும் காயமில்லை. சாமி காப்பாற்றியது என்று நாமும் விட்டுவிட்டோம். விசை குறைந்ததைக் கருவி காட்டிக்கொண்டுதான் இருந்தது, உடம்புக்குத்தான் உறைக்கவில்லை.

கண்ணை நம்பி ஓட்டும் முறையில் சூரியன் மறைந்தபின் பறக்க இந்தியாவில் பொதுவாக அனுமதியில்லை. உள்ளூர்ப் பறப்புக்கும் பயிற்சிக்கும்தான் விலக்கு உண்டு. "இருட்டிவிட்டது, காலையில் போகலாம்" என்று சாவியை மேசையில் வைக்கிற பைலட்டைப் பயந்தாங்கொள்ளி என்கிறவர்கள், தங்கள் பிள்ளையை எந்தப் பைலட்டின் பின்னால் உட்காரவைப்பார்கள் என்று சொல்லட்டும்.