காலம் எங்கே நிற்கிறது?

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் ஆங்கில வினைச்சொற்களின் காலத்தைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வாசகர்கள் வியக்கலாம். அவரவர் துறையை அவரவர் பார்த்துக்கொண்டால் போதும் என்பது கல்லூரிகளில் எழுதப்படாத வழக்கம். அவ்வழக்கத்தை நான் மீறுவதற்கு ஒரு மாணவர் காரணமானார்.

அவர் வடசென்னைப் பிள்ளை. பகலில் திருவொற்றியூருக்கு வடக்கே ஒரு கன்டெய்னர் யார்டில் டாலி கிளார்க் வேலை, மாலையில் கல்லூரி. எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கும் லாரிகளுக்கிடையே புகுந்து வகுப்புக்கு வந்து சேர்வார். கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் எழுத்தர் பணிக்கு விண்ணப்பித்து, நேர்முகத் தேர்வுக்கும் சென்று, வாடிய முகத்துடன் திரும்பினார். ஆங்கிலத் துறைக்குச் செல்லக் கூசித் தமிழ்த்துறை வாயிலில் வந்து நின்றார். விண்ணப்பத்தில் அவர் எழுதியிருந்த தொடர் இது: “ஐ வாஸ் வொர்க்கிங் சின்ஸ் டூ இயர்ஸ்.” அதைப் படித்த அதிகாரி, “அந்த வேலையை ஏன் விட்டீர்கள்?” என்று வினவியிருக்கிறார். “விடவில்லை சார், இன்று காலைகூட அங்கேதான் இருந்தேன்” என்று இவர் விடையிறுத்திருக்கிறார். அதிகாரி தாளையும் பார்த்தார், ஆளையும் பார்த்தார். இரண்டில் ஒன்று பொய் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். வேலை கிடைக்கவில்லை.

இம்மாணவருக்கு ஆங்கில இலக்கணம் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. ‘எழுது’ என்னும் ஒரு வினையை எடுத்துக்கொண்டு, முக்காலத்தையும் காலத்துக்கு நான்கு வகையாகப் பெருக்கி, பன்னிரண்டு வாய்பாடுகளையும் மூச்சுவிடாமல் என்னிடம் ஒப்பித்தார். பள்ளியில் அடித்துச் சொல்லிக் கொடுத்த பன்னிரண்டு கட்டம் அது. கட்டம் நினைவில் இருந்தது. கட்டத்திலிருந்து தம் வாழ்க்கைக்கு ஒரு தொடரை எடுக்கத்தான் அவருக்குத் தெரியவில்லை.

“தம்பி, அதைத் தமிழில் சொல்லும்” என்றேன். “இரண்டு ஆண்டுகளாக வேலை செய்துகொண்டிருக்கிறேன்” என்றார். “இதில் காலம் காட்டும் உறுப்பு எது?” சற்றும் தயங்காமல் “கிறு” என்றார். பவணந்தியார் நன்னூலில் நிகழ்காலத்துக்குக் கூறிய ஆநின்று, கின்று, கிறு என்னும் மூன்றனுள் ஒன்று. “அஃது எங்கே நிற்கிறது?” “கடைசியில் வரும் ‘இருக்கிறேன்’ என்பதற்குள்.” அவ்வளவுதான். ‘செய்து’, ‘கொண்டு’ ஆகியவை எச்சங்களாக முன்னே செல்ல, தொடரின் காலத்தை இறுதி உறுப்பாகிய ‘இரு’ சுமந்து நிற்கிறது. ஆங்கிலத்திலோ வினைத்தொகுதியின் முதல் சொல்லே அச்சுமையைத் தாங்குகிறது. “ஹாவ் பீன் வொர்க்கிங்” என்பதில் ‘ஹாவ்’ நிகழ்காலம். பின்னால் வரும் இரண்டும் நம் எச்சங்களைப் போன்றவை. மாணவர் முதல் இருக்கையில் ‘வாஸ்’ என்னும் இறந்தகாலச் சொல்லை அமர்த்தினார். அந்த ஒரு சொல்லால் அவருடைய வேலை பறிபோன வேலையாக மாறிவிட்டது. (‘சின்ஸ்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஃபார்’ வேண்டும் என்பது வேறு செய்தி; அதனால் யாரும் பொய்யர் ஆவதில்லை.)

தமிழில் கடைசி, ஆங்கிலத்தில் முதல். கண்ணாடியில் தெரியும் உருவம் போன்ற இந்த எதிர்ப்பாடு பிள்ளைகளைக் குழப்பாதா என்று கேட்பவர்கள் உண்டு. மண்ணடியிலும் இராயபுரத்திலும் நம் வீட்டுச் சிறார்கள் காலையில் மதரஸாவில் வலமிருந்து இடமாக ஓதிவிட்டு, பத்து மணிக்குப் பள்ளியில் இடமிருந்து வலமாக எழுதுகிறார்கள். எந்தக் குழந்தையும் தமிழை வலமிருந்து தொடங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. எந்தப் பக்கம் தொடக்கம் என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள், அதனால் குழப்பமில்லை. ஆங்கில வினைக்கு மட்டும் அதை நாம் சொல்லிக் கொடுப்பதில்லை.

இந்த ஒரு திறவுகோலைக் கொண்டு பல பூட்டுகளைத் திறக்கலாம். “ஐ டிட் நாட் வென்ட்” என்று எழுதாத மாணவரை நான் கண்டது அரிது. ‘டிட்’ முதலிடத்தில் நின்று இறந்தகாலத்தைச் சுமந்துவிட்டபின், ‘வென்ட்’ ஏன் மறுபடியும் அதே மூட்டையைத் தூக்க வேண்டும்? இப்பிழைக்கு நம் மொழியும் ஒருவகையில் காரணம். ‘போகவில்லை’ என்னும் சொல்லில் நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. எதிர்மறைக்குள் காலம் மறைந்துவிடுகிறது. சூழலைக் கொண்டே உணர்கிறோம். ஆங்கிலமோ எதிர்மறையிலும் காலத்தைக் காட்டியே தீர வேண்டும் என்கிறது. மாணவர் அஞ்சி இரண்டு இடத்தில் காட்டிவிடுகிறார்.

பன்னிரண்டு கட்டம் என்பதும் வேத வாக்கு அன்று. குவர்க் உள்ளிட்ட நால்வர் 1985-இல் வெளியிட்ட ஆங்கிலப் பேரிலக்கணம், சொல்லின் வடிவு மாறிக் காலம் காட்டுவது நிகழ்வு, இறப்பு என்னும் இரண்டே என்கிறது. எதிர்காலத்துக்கு ‘வில்’ முதலிய துணைவினைகளையும் பிற வாய்பாடுகளையும் துணைக்கழைக்க வேண்டியிருக்கிறது. அரபு இலக்கணம் பயின்றோர் இதைக் கேட்டு வியக்கமாட்டார்கள். மாளீ, முளாரிஃ என்னும் இரு வடிவங்களைக் கொண்டே அம்மொழி நெடுங்காலமாக எல்லாவற்றையும் சொல்லிவருகிறது.

காலம் பிறழ்ந்தால் என்ன, பொருள் விளங்கினால் போதாதா என்பது பலருடைய வாதம். துறைமுகத்தை அடுத்து வாழும் நாம் அவ்வாறு சொல்லக்கூடாது. கப்பல்கள் ஒன்றையொன்று மோதாதிருக்க 1972-இல் வகுக்கப்பட்டு 1977 முதல் நடைமுறையில் உள்ள பன்னாட்டு விதிகளின்படி, ஒன்றையொன்று காணும் தொலைவில் ஒரு கப்பல் ஒரு குற்றூதல் ஊதினால், தன் போக்கை வலப்புறம் திருப்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள். திருப்பப் போகிறது என்பதன்று. செயல் இப்போது நடக்கிறது என்பதே. அமெரிக்காவின் உள்நாட்டு நீர்வழி விதிகளிலோ அதே ஒற்றை ஊதல், உன்னை என் இடப்புறத்தில் விட்டுக் கடக்க எண்ணுகிறேன் என்னும் கருத்தறிவிப்பு. எதிர்க் கப்பல் அதே ஊதலால் இசைவு தந்த பிறகே செயல். ஓசை ஒன்றுதான், இங்கே நிகழ்காலம், அங்கே எதிர்காலம். அவ்வேறுபாட்டை அறியாத மாலுமி எத்தனை பெரிய கப்பலைச் செலுத்தினால் என்ன!

கடலை விட்டுக் கரைக்கு வருவோம். மணலியிலும் எண்ணூரிலும் ஆலைகளில் ஷிஃப்டு மாறும்போது பதிவேட்டில் எழுதி வைத்துவிட்டுச் செல்வது வழக்கம். ஒரு வால்வு ‘வாஸ் குளோஸ்டு’ என்று எழுதியிருந்தால், அஃது ஒரு வேளையில் மூடப்பட்டது என்பது மட்டுமே தெரியும். இப்போதும் மூடியிருக்கிறதா என்று தெரியாது. ‘ஹாஸ் பீன் குளோஸ்டு’ என்றால் மூடப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். ‘ஈஸ் பீயிங் குளோஸ்டு’ என்றால் எழுதும்போது வேலை முடியவில்லை. அடுத்து வருபவரின் உயிர் இந்த மூன்றில் எது சரி என்பதைப் பொறுத்திருக்கக் கூடும். நம் மாணவர்களுள் பலருடைய தந்தையர் இத்தகைய பதிவேடுகளில் கையெழுத்திட்டவர்கள்.

தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்று நான் கூறவில்லை. காலையில் எழுந்து நனைந்த தெருவைக் கண்டு “இரவு மழை பெய்திருக்கிறது” என்கிறோம். கண்ணால் காணாததைக் குறிப்பால் உணர்ந்து சொல்லும் முறை இது. அதிகாரி ‘வினவியிருக்கிறார்’ என்று மேலே நான் எழுதியதும் அவ்வாறே; நான் அங்கு இல்லை, கேட்டு எழுதினேன். இதை அப்படியே ‘ஹாஸ்’ இட்டு ‘நேற்று’ என்பதோடு சேர்த்தால் ஆங்கிலம் ஏற்காது. அங்கே நேற்று என்றவுடன் தெளிவான இறந்தகாலம் வந்தாக வேண்டும். அதுபோல், “அத்தா தினமும் ஐந்து மணிக்கு எழுவார்” என்பதில் உள்ள ‘வ்’ எதிர்கால இடைநிலை. ஆனால் பொருள் வழக்கம். மாணவர் அதற்கு ‘வில்’ போடுகிறார். இவ்விடங்களைச் சுட்டிக்காட்ட இரண்டு இலக்கணமும் அறிந்த ஒருவர் வேண்டும்.

காலம் பிறழ்ந்தும் வழுவாகாத இடங்களை நம் முன்னோர் தனியே எடுத்துப் பேசியுள்ளனர். உண்டு முடியாதவன், புறப்படுமாறு விரைவுபடுத்தும் தோழனிடம் “உண்டேன், வந்தேன்” என்பான். இது விரைவு பற்றி வந்த காலமயக்கம் என்று தொல்காப்பிய உரையாசிரியர்கள் விளக்கினர். நன்னூலார் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என நான்கு காரணங்களைக் கூறுகிறார். திருக்குர்ஆனில் மறுமை நாளின் நிகழ்ச்சிகள் பலவிடங்களில் இறந்தகால வினையால் கூறப்படுவதற்கு, அவை நிகழ்வது உறுதி என்பதே காரணம் என்று விரிவுரையாளர்கள் எழுதியுள்ளனர். சமண முனிவர் பவணந்தியார் ‘தெளிவு’ என்ற ஒரே சொல்லில் அடக்கியதும் அதுதான். இதை மதரஸாவிலும் தமிழ் வகுப்பிலும் தனித்தனியே கற்ற மாணவருக்கு, “தி டிரெயின் லீவ்ஸ் டுமாரோ” என்னும் நிகழ்கால வடிவம் ஏன் திகைப்பூட்ட வேண்டும்?

ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் தண்டம் என்று விதித்த பள்ளிகள் உண்டு. தமிழை நினைத்தால் ஆங்கிலம் கெடும் என்னும் நண்பர்கள் ஆங்கிலத் துறையிலும் எனக்கு உள்ளனர்; அவர்கள் மீது மதிப்பும் உண்டு. ஆயினும் முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயிலை மிதிப்பவர் தமிழில்தான் நினைக்கிறார். தடை செய்தால் மறைவில் மொழிபெயர்ப்பார். மறைவில் செய்வதால் பிழையாகச் செய்வார். அதைவிடக் கொடுமை, தம் தாய்மொழியே தம்மைத் தாழ்த்தியது என்று நம்பத் தொடங்குகிறார். அன்று வாயிலில் நின்றவரும் முதலில் அப்படித்தான் சொன்னார்: “தமிழ் மீடியம் சார், வேறென்ன வரும்?”

வாரம் ஒரு மணி நேரம் தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் ஒரே வகுப்பறையில் அமர்ந்து வினைச்சொல்லைப் பயிற்ற வேண்டும் என்பது என் வேண்டுகோள். செலவு ஒன்றுமில்லை, கரும்பலகையை இரண்டாகப் பிரிக்க ஒரு கோடு போதும்.

அம்மாணவர் விண்ணப்பத்தைத் திருத்தி வேறோர் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார். விடை இன்னும் வரவில்லை. இடையில் அவருக்கு வேறொரு ஐயம் எழுந்துவிட்டது. ‘போகவில்லை’ என்பதில் காலம் மறைந்ததென்றால், ‘போகமாட்டேன்’ என்பதில் மட்டும் எதிர்காலம் எப்படித் தெரிகிறது என்று கேட்டார். நன்னூலை நூலகத்திலிருந்து எடுத்துச் சென்று, பகல் உணவு இடைவேளையில் யார்டிலேயே அமர்ந்து படித்துக்கொண்டிருக்கிறார்.