பெயர்ப்பலகைக்குப் பின்னே

சட்டம் படித்துத் தேறிய நம் பிள்ளைகள், ஹைதராபாத்தில் எந்தச் சட்ட நிறுவனத்தில் சேரலாம் என்று நம்மை வினவுகின்றனர். சம்பளத்தை விசாரிக்கட்டும், ஆனால் அதைத் தோற்றுவித்தவர் எத்தகையவர் என்பதை அதற்கு முன்பே விசாரிக்க வேண்டுமென்போம்.

அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் 1883-இல் நெல்லூர்ச் சீமையில் புரோகிதர் ஒருவரின் மகனாகப் பிறந்தார்; சென்னையில் பி. ஆர். சுந்தரமையரிடம் தொழில் பயின்றார். 1929 முதல் 1944 வரை மாகாண அட்வகேட் ஜெனரலாக விளங்கினார். அரசியலமைப்பு வரைவுக் குழுவில் தம்மினும் தகுதி மிக்கவராக அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று எடுத்துரைத்தது இவர் பெயரையே.

சீனியர் வக்கீலின் அறை அவரோடு மூடப்படுவது நம் நாட்டு வழக்கம். 1953-இல் அல்லாடி மறைந்தார். அவர் பழக்கிய படிப்போ மறையவில்லை. மகன் குப்புசாமி இதே ஹைதராபாத்தில் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். மற்றொரு மகன் இராமகிருஷ்ணன் பௌதிகம் பயின்றார். தந்தையின் 'ஏகாம்ர நிவாஸ'த்திலேயே ஆய்வரங்கங்கள் நடத்தினார். அதன் பயனாக 1962-இல் சென்னையில் கணித அறிவியல் நிறுவனம் தோன்றிற்று. சட்டப் புத்தகங்கள் நிறைந்த வீட்டிலிருந்து இப்படியொரு கிளை!

நிறுவனங்கள் தம் கொள்கைகளை அழகாக அச்சிடுகின்றன. இளைய வக்கீல் அதைப் படித்துப் பழகுவதில்லை. தோற்கும் வழக்கோடு வந்த கட்சிக்காரரிடம் சீனியர் உண்மையைச் சொல்கிறாரா, ஃபீஸை வாங்கிக்கொண்டு பேசாதிருக்கிறாரா என்று பார்த்தே பழகுகிறார். ஆகவே, சேருமுன் அங்குள்ள பழைய குமாஸ்தாவோடு ஒரு நாழிகை பேசிப் பார்க்கட்டும். அவருக்குத் தெரியாததில்லை.